இயந்திரத்தின் வாக்கும் மனிதனின் பொறுப்பும்



நம் இல்லங்களில் இப்பொழுது புதுப் பழக்கமொன்று புகுந்திருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடக் கட்டுரையைக் கைபேசியிடம் சொல்லி எழுதி வாங்குகிறார்கள். கடை வைத்திருப்பவர் விளம்பர நோட்டீசுக்கு வேண்டிய படத்தை அதனிடமே வரைந்து பெறுகிறார். “நகைக்கு ஜகாத் எவ்வளவு?”, “நோன்பு வைத்துக்கொண்டு இந்தச் சொட்டு மருந்தை விடலாமா?” என்று தாய்மார்களும் அதனிடமே வினவுகிறார்கள். கேட்ட மாத்திரத்தில் தங்குதடையின்றிப் பதில் வருகிறது. செயற்கை நுண்ணறிவு என்றும், சுருக்கமாக ஏ.ஐ. என்றும் இதனைச் சொல்கிறார்கள்.

இதைக் கையாளலாமா கூடாதா என்று விவாதிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கையாண்டு கொண்டுதான் இருக்கிறோம். அதன் பேச்சை நம்பி ஒருவர் நஷ்டப்பட்டால் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் யார் என்பதும், அது எழுதுவதிலும் வரைவதிலும் யாருக்கு என்ன ஹக்கு என்பதுமே இங்கே நாம் ஆராய இருப்பவை. இவ்விரண்டையும் பற்றி உலகின் நீதிமன்றங்கள் சில ஆண்டுகளாகத் தீர்ப்புகள் வழங்கி வருகின்றன. அவற்றுள் சிலவற்றை நம் வீட்டார் அறிந்து வைத்திருப்பது நலம்.

முதலில் அக்கருவியின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். கேள்வி கேட்டதும் கிதாபைத் திறந்து, பக்கத்தைப் புரட்டி, பார்த்துச் சொல்லும் ஆலிமைப் போன்றதன்று அது. கோடிக்கணக்கான பக்கங்களை முன்னரே அதற்குள் செலுத்தி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதைப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைக் கொண்டுதான் அது வாக்கியங்களைக் கோத்துத் தருகிறது. இப்பொழுது வருபவற்றுள் சில, இணையத்தில் தேடிப் பார்த்து ஆதாரத்தையும் காட்டுகின்றன. அப்படியிருந்தும் மெய்யைச் சொல்லும்போது இருக்கும் அதே சரளம் பொய்யைச் சொல்லும்போதும் இருக்கிறது. தெரியாதவன் தடுமாறுவான்; தடுமாற்றத்தைக் கண்டு நாமும் உஷாராவோம். இதற்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. வழக்குகள் பலவும் இங்கிருந்துதான் கிளம்பின.

கனடா நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2022 நவம்பரில் ஒருவருடைய பாட்டி காலமாகிவிட்டார். அவர் அவசரமாக வான்கூவரிலிருந்து டொராண்டோவுக்குப் போயாக வேண்டும். ஏர் கனடா விமான நிறுவனம் மரண வீட்டுக்குச் செல்வோருக்குக் கட்டணச் சலுகை தருவதுண்டு. அந்நிறுவனத்தின் இணையதளத்தில் கேள்விக்குப் பதில் சொல்லும் கருவி ஒன்று இருந்தது. அதனிடம் கேட்டார். இப்பொழுது முழுக் கட்டணத்தில் சீட்டு எடுத்துக்கொள்ளலாம், 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் சலுகைத் தொகை திரும்பக் கிடைக்கும் என்ற பொருளில் அது பதில் அளித்தது. அவரும் நம்பிப் பயணம் போய்வந்து விண்ணப்பித்தார். நிறுவனம் மறுத்துவிட்டது. பயணம் முடிந்தபின் சலுகை கிடையாது என்பதே அவர்கள் விதி. அது அதே இணையதளத்தின் வேறொரு பக்கத்தில் எழுதப்பட்டும் இருந்தது.

விவகாரம் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் சிறு வழக்குகளைத் தீர்க்கும் மன்றத்துக்குப் போயிற்று. அங்கே நிறுவனம் எடுத்து வைத்த வாதம்தான் நாம் கவனிக்க வேண்டியது. அந்தக் கருவி தன் சொல்லுக்குத் தானே பொறுப்பான தனி நபர் போன்றது, ஆகவே அது சொன்னதற்கு நாங்கள் ஜவாப்தாரி அல்ல என்ற கருத்துப்பட வாதாடினார்கள்! 2024 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு இதை அடியோடு தள்ளிவிட்டது. இணையதளம் நிறுவனத்தினுடையது, அதில் எழுதிய பக்கம் பேசினாலும், கருவி பேசினாலும் பொறுப்பு நிறுவனத்துக்கே. ஒரு பக்கத்தில் படித்ததை இன்னொரு பக்கத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்ற கடமை வாடிக்கையாளருக்கு இல்லை. வட்டி, மன்றக் கட்டணம் எல்லாம் சேர்த்து 812 கனடா டாலர் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. கருவி எவ்வகைப்பட்டது என்பதை நிறுவனம் விளக்கவேயில்லை. தீர்ப்புக்கு அது தேவைப்படவும் இல்லை. தொகை சிறிது என்றாலும், கருவியின் பின்னே ஒளிந்துகொள்ள முடியாது என்ற முடிவு உலகெங்கும் வழக்கறிஞர்களால் எடுத்துப் பேசப்படுகிறது.

நம்முடைய ஃபிக்ஹுக் கிதாபுகளை ஓதியவர்களுக்கு இந்த முடிவு புதிதாகத் தோன்றாது. கட்டளைக்கு உள்ளானவர், அதாவது முகல்லஃப், புத்தியும் பருவமும் அடைந்த மனிதரே. ஆடோ மாடோ அல்ல. ஆயினும் ஆடு பயிரை மேய்ந்துவிட்டால் யாருமே பொறுப்பில்லை என்று விட்டுவிடவில்லை. ‘ளமான்’ என்னும் ஈட்டுப் பொறுப்பு யார்மீது விழும் என்று நம் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் நுட்பமாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். பிராணியின் கூடவே ஒருவர் சென்றால், அதில் ஏறிச் சென்றாலும் ஓட்டிச் சென்றாலும், அது செய்த சேதத்துக்கு அவர் பொறுப்பு. கூட எவரும் இல்லாமல் மேய்ந்தது என்றால், பகலா இரவா என்று பார்க்கிறார்கள். பகலில் பிராணிகள் மேய்ச்சலுக்கு விடப்படுவது வழக்கம். தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் வேலை. இரவில் கட்டி வைப்பது பிராணியின் சொந்தக்காரர் வேலை. கட்டாமல் விட்டிருந்தால் ஈடு அவர்மீது. காக்கக்கூடிய நிலையில் இருந்தவர் யார் என்ற கேள்வியே இதற்கு அடிப்படை. ஏ.ஐ. விஷயத்தில் இதுதான் சட்டம் என்று ஃபத்வா கொடுப்பதற்காக இதை எழுதவில்லை. அது உலமாப் பெருமக்கள் கூடி முடிவு செய்ய வேண்டியது. ஆனால் ‘இயந்திரம் சொல்லிற்று, நான் என்ன செய்வேன்’ என்ற சாக்கு எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதை விளங்கிக்கொள்ள இந்தப் பாகுபாடு உதவும்.

கருவியைச் செய்து விற்பவர்மீதும் பொறுப்பைச் சுமத்தும் போக்கு வளர்ந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய பொருட் பொறுப்பு விதியில், கணினி நிரலும் ஒரு ‘பொருள்’ என்றே சேர்க்கப்பட்டுள்ளது. குறையுள்ள பிரஷர் குக்கர் வெடித்தால் தயாரித்தவர் எப்படிப் பொறுப்போ அப்படி. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9ஆம் நாளுக்குள் இதைத் தம் சட்டமாக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். மறுபுறம், எல்லாத் தவறும் தயாரித்தவர் தலையிலேயே விழும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2025 மே மாதம் ஒரு நீதிமன்றம், தம்மைப் பற்றிச் சாட்ஜிபிடி பொய்ப் பழி கூறிற்று என்று வழக்கிட்டவரின் கோரிக்கையை நிராகரித்தது. தவறு வரக்கூடும் என்று நிறுவனம் வெளிப்படையாக எச்சரித்திருந்ததும், பதிலைப் பெற்றவரே அதை நம்பவில்லை என்பதும் அங்கே கணக்கில் எடுக்கப்பட்டன.

இனி, கருவியைக் கையாள்பவரின் பொறுப்பு. நியூயார்க்கில் நடந்த வழக்கை இதற்கு மிஞ்சிய பாடமாகச் சொல்ல முடியாது. விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்துக் காயம் பட்டதாக ஒரு பயணி வழக்குப் போட்டார். அவருடைய வழக்கறிஞர்கள் பழைய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு எழுதினார்கள். அவற்றுள் ஆறு தீர்ப்புகள் உலகில் இல்லவே இல்லை! சாட்ஜிபிடி கற்பனையாக உண்டாக்கியவை அவை. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றதும், தீர்ப்புகளைக் கொண்டுவரும்படி நீதிபதி கேட்டார். வழக்கறிஞர் மறுபடியும் அதே கருவியிடம் போய், “இவை மெய்யான வழக்குகள்தானா?” என்று கேட்டாராம். “ஆம்” என்று அது சொல்லியிருக்கிறது. பொய் சொன்னவனிடமே அவனுக்குச் சாட்சி கேட்டது போலாயிற்று. 2023 ஜூனில் நீதிபதி காஸ்டெல் இரு வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் அலுவலகத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதித்தார். கருவியைப் பயன்படுத்தியதற்காக அல்ல; சரிபாராமல் கொடுத்ததற்கும், ஐயம் எழுப்பப்பட்ட பின்னும் அதையே பிடித்துக்கொண்டு நின்றதற்கும்தான் தண்டனை. மற்றுமோர் உத்தரவையும் அவர் போட்டார். அந்தப் பொய்த் தீர்ப்புகளை எழுதியதாக எந்த எந்த நீதிபதிகளின் பெயர் காட்டப்பட்டதோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும் நடந்ததைத் தெரிவித்துக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றார்.

நேயர்களே, இதை வாசித்தபோது நம் குடும்ப வாட்சப் குழுக்களே நினைவுக்கு வந்தன. கிதாபின் பெயர், ஹதீஸ் எண், அறிவிப்பாளர் பெயர் எல்லாம் போட்டு ஒரு செய்தி வருகிறது. “ராத்தா, இது சரியான ஹதீஸா?” என்று கேட்டால், “போனில் கேட்டுத்தான் போட்டேன்” என்கிறார்கள். எண்ணைக் கொண்டு கிதாபில் தேடினால் அங்கே வேறு விஷயம் இருக்கிறது; சில சமயம் அந்த எண்ணே இருப்பதில்லை. நியூயார்க் வழக்கறிஞர்கள் நீதிபதிகளின் பெயரால் இல்லாததைச் சொன்னார்கள். நாமோ நாயகம் (ஸல்) அவர்கள் பெயரால் இல்லாததைச் சொல்லும் ஆபத்தில் நிற்கிறோம். அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராக நிறுத்துப் பார்த்த முஹத்திஸுகளின் வழி வந்த சமுதாயத்துக்கு இது தகுமா? கருவி தரும் எண்ணைத் தேடிச் செல்ல ஒரு வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, கிதாபிலோ, கிதாபைக் கற்றவரிடமோ பார்த்துவிட்டு அனுப்புவதே முறை. தலாக், பாகப்பிரிவினை, நோயாளியின் நோன்பு போன்ற விஷயங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மருத்துவம் அறியாதவர் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அவர்மீது ளமான் உண்டு என்று நம் சட்ட அறிஞர்கள் சொல்லியிருப்பதை, கருவியின் பதிலைத் தம் ஆலோசனை போல் பிறருக்கு எடுத்துச் சொல்கிறவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் வெளியிட்ட விதிமுறையில், தன் கீழுள்ள நீதிமன்றங்கள் தீர்ப்பு முடிவு செய்ய ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்தலாகாது என்றே தடுத்துவிட்டது.

அடுத்து, உரிமை. இக்கருவிகள் எதைப் படித்துக் கற்றன? மனிதர்கள் எழுதிய நூல்களையும், பத்திரிகைகளையும், வரைந்த படங்களையும்தான். எழுதியவர்களிடம் பெரும்பாலும் எவரும் கேட்கவில்லை.

ஆந்த்ரோபிக் என்ற அமெரிக்க நிறுவனம் ‘கிளாட்’ என்னும் ஏ.ஐ. கருவியைத் தயாரிப்பது. அதன்மீது நூலாசிரியர்கள் தொடுத்த வழக்கில் சான் பிரான்சிஸ்கோ நீதிபதி வில்லியம் ஆல்சப் 2025 ஜூனில் கொடுத்த முடிவு மிகவும் பொருள் பொதிந்தது. அந்நிறுவனம் நூல்களை இரு வழிகளில் பெற்றிருந்தது. ஒன்று, காசு கொடுத்து அச்சுப் புத்தகங்களை வாங்கி, முதுகை வெட்டிப் பிரித்து, பக்கம் பக்கமாகப் படியெடுத்துக்கொண்டு, தாள்களைக் கழித்துவிடுவது. மற்றது, திருட்டுப் பிரதிகள் குவிந்து கிடக்கும் இணையக் களஞ்சியங்களிலிருந்து 70 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகளை இலவசமாக இறக்கிக்கொண்டது. நூல்களைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்கியதும், வாங்கிய நூலைப் படியெடுத்ததும் அந்நாட்டுச் சட்டத்தில் ‘நியாயமான பயன்பாடு’ என்ற வரம்புக்குள் அடங்கும் என்றார் நீதிபதி. ஒருவர் நூல்களைப் படித்துத் தேர்ந்து தாமும் எழுத வருவதற்கு அதை ஒப்பிட்டார். ஆனால் திருட்டுப் பிரதிகளைக் கொண்டு ஒரு நூலகம் சேர்த்து வைத்ததற்கு அந்தச் சலுகை இல்லை என்றார். பிறகு நிறுவனம் 150 கோடி டாலர் கொடுக்க இணங்கிற்று. ஏறத்தாழ 5 லட்சம் நூல்களுக்கு, நூல் ஒன்றுக்குச் சுமார் 3,000 டாலர். 2025 செப்டம்பரில் நீதிமன்றம் இதற்கு முதற்கட்ட ஒப்புதல் அளித்தது.

இதில் நம்மவர்க்கு ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் பதிவான நூல்களுக்கே அந்தத் தொகை. நம் ஊர் நூலாசிரியர்கள் எத்தனை பேர் அங்கே பதிவு செய்திருப்பார்கள்? தமிழில் எழுதியவர் நூல் அந்தக் களஞ்சியத்தில் கிடந்திருந்தாலும் கையில் ஒரு காசு வராது.

இதே பிரச்சினை மற்ற நாடுகளில் வேறு விதமாகத் தீர்ந்திருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் 2025 நவம்பரில், பாடல் வரிகளைக் கருவி மனப்பாடம் செய்துகொண்டு அப்படியே ஒப்பிப்பது பாடலாசிரியர் உரிமையை மீறுவதே என்று ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் அதே ஓப்பன்ஏஐமீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. செய்திகளைப் பழக்குவதற்காகச் சேமித்து வைத்தது குற்றமா, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தரும் விலக்கு இதற்குப் பொருந்துமா, கணினிகள் வெளிநாட்டில் இருக்கையில் இங்குள்ள நீதிமன்றம் விசாரிக்கலாமா என்பன அதில் எழுந்த கேள்விகள். மத்திய அரசு அமைத்த குழுவொன்று 2025 டிசம்பரில் வேறொரு யோசனை சொல்லிற்று: படிப்பதைத் தடுக்க வேண்டாம், ஆனால் படித்துச் சம்பாதிப்பவர் எழுதியவர்களுக்கு ராயல்டி செலுத்தியாக வேண்டும் என்பது அதன் சாரம். என் அளவில் இந்த யோசனை சரியான திசையில் இருப்பதாகவே படுகிறது, பங்கீடு சிற்றூர் எழுத்தாளர் வரை ஒழுங்காகப் போய்ச் சேருமானால்.

இல்மை விலை பேசலாமா, நூலுக்கு உரிமை கொண்டாடலாமா என்று முன்னர் சில உலமாக்களுக்கு ஐயம் இருந்தது உண்மை. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது இதனை ஆராய்ந்து முடிவெடுத்தது. நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர், வணிகச் சின்னம் ஆகியவை உரியவரின் ஹக்கு. இன்றைய வழக்கத்தில் அவற்றுக்குப் பண மதிப்பு உண்டு. ஷரீஅத் அதை ஏற்கிறது. பிறர் அதில் கை வைக்கலாகாது என்பது அதன் முடிவு. ஆகவே ‘நல்ல விஷயம்தானே, பரவட்டும்’ என்று உயிரோடிருக்கும் ஆலிமின் நூலைக் கேளாமல் படியெடுத்து, கருவியிடம் கொடுத்து நடையை மாற்றச் சொல்லி, தம் பெயரில் வெளியிடுகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

கருவி தருவது யாருக்குச் சொந்தம்? மனிதர் கை படாமல் இயந்திரம் தானே வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. ‘இப்படி வரை’ என்று கட்டளையிட்டதால் மட்டும் ஒருவர் ஆசிரியராகிவிட மாட்டார் என்பதே அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தின் கருத்தும். நம் சட்டம் சற்று வேறானது. 1994இல் செய்த திருத்தத்தின்படி, கணினியால் உண்டாக்கப்பட்ட படைப்புக்கு, அதனை உண்டாகச் செய்த நபரே ஆசிரியர். அப்படியானால் கட்டளையிட்டவரா, கருவியைச் செய்த கம்பெனியா? சட்டம் எழுதிய காலத்தில் இப்படியொரு கருவி வரும் என்று எவரும் எண்ணவில்லை. 2020இல் ஓர் ஏ.ஐ. கருவியை இணை ஆசிரியராகக் காட்டி ஓர் ஓவியத்தை இந்தியப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு செய்தது. அடுத்த ஆண்டே அப்பதிவைத் திரும்பப் பெறுவதாக நோட்டீஸ் அனுப்பிற்று. இதிலிருந்தே குழப்பம் புரியும்.

அச்சகம் வைத்திருப்போரும், கல்யாணப் பத்திரிகை, காலண்டர் அடிப்போரும் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். கருவி தந்த படம் வேறொருவர் வரைந்ததன் நகலாக அமைந்துவிட்டால், அடித்து விற்றவர்மீதும் வழக்கு வரலாம். “எனக்குத் தெரியாது” என்று நிரூபித்தாலும் முழு விடுதலை இல்லை. நம் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, அறியாமல் செய்தவர்மீது நஷ்ட ஈடு விழாதே தவிர, நீதிமன்றம் விற்பனையைத் தடுக்கலாம், சம்பாதித்த லாபத்தைக் கொடுக்கச் சொல்லலாம். நூல்களின் விஷயத்தில் கணக்கு எளிது: ஆசிரியர் காலமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு உரிமை. 1970இல் வஃபாத்தானவரின் நூல் 2030 முடியும்வரை அவர்களுடையது.

கடைசியாகக் குரல். சினிமாப் பாட்டுக் கேட்பது பற்றிய வாதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நடந்ததை மட்டும் பார்ப்போம். 2024இல் வெளியான ‘லால் சலாம்’ படத்தின் பாடலொன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஐ. மூலம் ஏ.ஆர். ரஹ்மான் ஒலிக்கச் செய்தார். இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் அனுப்பியதாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அவர் அனுமதியின்றிப் போலியாக உண்டாக்கித் தரும் தளங்களுக்குத் தடை விதித்தது. குரலும் மனிதரின் ஹக்கு என்று சட்டம் ஏற்கத் தொடங்கிவிட்டது.

மறைந்த ஆலிம்களின் பயான்களுக்கும் இது நாளை வரும். பழைய ஒலிநாடா ஒன்று கிடைத்தால், அதைக் கொண்டு அவர் பேசாத பயானை அவர் குரலிலேயே பேச வைக்கக் கருவி இருக்கிறது. வாரிசுகள் சம்மதித்தால் குரலைப் பயன்படுத்தும் விவகாரம் தீரலாம். அவர் சொல்லாத மஸ்அலாவை அவர் சொன்னதாக ஆக்குவதற்கு வாரிசுகள் எப்படிச் சம்மதம் தர முடியும்? புதிதாகக் கிடைத்த பயான் என்று எவரேனும் அனுப்பினால், எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் பதிவு செய்தது என்று அனுப்பியவரிடம் முதலில் கேளுங்கள். மூல நாடா யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். அது தெரியும்வரை அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் வைத்திருங்கள்.